எட்டாம் நம்பர் ஊசி

மனோன்மணி டீச்சர் பையிலிருந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்துக் கடையின் கண்ணாடி மேசையில் விரித்தார். ஓர் ஆம்பளை ஸ்வெட்டரின் முதுகுப் பாகம். மூன்று கிழமை வேலை. ஒரு கண்ணிகூட நழுவாமல் தோள்வரைக்கும் பின்னியிருந்தார். எங்கள் அளவு நாடாவைத் தானே இழுத்துக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பதினாறரை அங்குலம். இருபது இருந்திருக்க வேண்டும்.

"அவர் போகேக்க நெஞ்சளவு முப்பத்தாறு. இப்ப நாப்பதாம், கடிதத்தில எழுதியிருக்கிறார். இது அப்ப போன ஆளுக்கே காணாது, அண்ணை."

கணவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டுக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த பின்னல் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. நான் கொடுத்த ஊசி கொழும்பு நம்பர். பிழை என்னுடையது.

அதை அந்த நிமிஷமே சொல்லியிருந்தால், பத்திரிகையில் இந்த வாரத்துக்கு எழுத வேறு ஏதாவது தேட வேண்டியிருந்திருக்கும்.

வியர்க்க வியர்க்கக் கம்பளி

மலையிலிருந்து இறங்கி வந்து புறக்கோட்டையில் பொட்டலம் கட்டிய கதையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். இது அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நடந்தது. முதலாளி வெள்ளவத்தையில் காலி வீதி ஓரமாக ஒரு தையல் சாமான் கடை திறந்து, என்னை அங்கே நிறுத்தியிருந்தார். பொத்தான், சிப், லேஸ், இலாஸ்டிக், ஊக்கு எல்லாம் முன்னால். பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரியில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும்.

சட்டை போட்டாலே முதுகு நனைகிற ஊரில் கம்பளி நூலை யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் வெள்ளவத்தையில் எல்லாரும் வாங்கினார்கள். குறுக்குத் தெருக்களில் பாதி வீடுகள் லொட்ஜ் ஆகியிருந்தன. வடக்கிலிருந்து வந்தவர்கள் அங்கே ஓர் அறைக்கு நாலு பேராகத் தங்கி, பொலிஸில் பதிந்து, விசாவுக்காகக் காத்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் குளிர். கனடா, நோர்வே, சுவிஸ். காத்திருக்கிற கைக்கு ஒரு வேலையும் வேண்டுமே. வியர்க்க வியர்க்கக் கம்பளி பின்னிய ஊர் உலகத்தில் வெள்ளவத்தை ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்குப் பின்னத் தெரியும் என்பது கடையில் யாருக்கும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது என் அக்கா ஸ்வெட்டர் பின்னி டவுனுக்கு விற்கக் கொடுப்பாள். அவளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போய் எனக்கும் கை பழகிவிட்டது. அந்தக் குளிரைப் பற்றி எனக்கு ஓர் ஏக்கமும் கிடையாது, மூக்குச் சளிதான் ஞாபகம். ஆனால் பின்னல் மட்டும் ஒட்டிக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். நாற்பது வயது ஆம்பளை கம்பளி பின்னுகிறான் என்று தெரு முழுக்கப் பரவினால் பிறகு தலை நிமிர்ந்து பாண் வாங்கப் போக முடியுமா?

கையைப் பார்த்து ஊசி

தெரியாது என்று மறைத்தேனே ஒழிய, தெரிந்ததை வைத்துப் பெருமை அடிக்காமல் இருக்கவில்லை. ஊசி கேட்டு வருகிறவர்களுக்கு வெறுமனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். மேசைக்குக் கீழே ஒரு சோடி பிளாஸ்டிக் ஊசியில் பதினைந்து கண்ணி போட்டு வைத்திருப்பேன். அதைக் கொடுத்து ஒரு வரிசை பின்னச் சொல்லுவேன். கையைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுவேன்.

கை இறுக்கமானவர்களுக்கு உருக்கு ஊசி. வழுக்கிக்கொண்டு போகும், இறுக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். கை தளர்ந்தவர்களுக்கு மூங்கில். மூங்கில் நூலைப் பிடித்து வைக்கும், கண்ணி தானாக ஓடாது. உள்ளங்கை வியர்ப்பவர்களுக்கு அலுமினியம் வேண்டாம், அரை மணி நேரத்தில் விரலும் நூலும் கறுத்துவிடும். வெள்ளை நூலில் குழந்தைத் தொப்பி பின்னுகிறவர் அலுமினியத்தைத் தொடவே கூடாது. கழுத்துப்பட்டிக்கு இரண்டு பக்கமும் கூரான நாலு ஊசிச் செட். பெரிய சால்வைக்கு நடுவில் நைலோன் வயர் வைத்த வளைய ஊசி, பாரமெல்லாம் மடியில் கிடக்கும்.

ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் ஒரு வியாதி உண்டு. கடற்காற்றுக்கு உருக்கு ஊசி துருப்பிடிக்கும். மாசத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது என் வேலை. மூங்கில் ஈரக்காலத்தில் பூசணம் பிடிக்கும், முனையில் சிராய் எழும்பும். அரத்தாளால் தேய்த்து மெழுகுதிரி பூச வேண்டும். பிளாஸ்டிக் மத்தியான வெயிலில் வளைந்துவிடும். ஆனால் சத்தம் போடாது. ஒரே அறையில் மூன்று பேர் படுத்திருக்க, ஒருவர் மட்டும் நித்திரை வராமல் பின்னுவதென்றால் பிளாஸ்டிக்தான். லொட்ஜ்காரர்கள் அதற்காகவே கேட்டு வாங்குவார்கள்.

உருக்கு ஊசியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பதினாலு அங்குல நீளம், பைக்கு வெளியே முனை தெரியும். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அதை உருவி எடுத்து "மே மொனவத?", இதெல்லாம் என்ன என்று சிங்களத்தில் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் பிந்தும், சில பேருக்கு ஊசியே போய்விடும். நான் ஊசியோடு பில்லையும் சேர்த்துக் கட்டி, பில்லின் பின்பக்கம் அது பின்னல் ஊசி என்று சிங்களத்தில் எழுதிக் கொடுப்பேன்.

இந்த ஞானத்துக்காகத் தெஹிவளையிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். "ராஜு அண்ணையிட்டக் கேட்டு வாங்கு" என்று லொட்ஜுக்கு லொட்ஜ் பேச்சு. அது தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அப்போது வெட்கமாக இருந்திருக்கும்.

புத்தகத்தைத் திறக்காதவன்

ஊசி நம்பர் ஒரு குழப்பம் பிடித்த விஷயம். எங்கள் கொழும்புக் கடைகளில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பதினாலாம் நம்பர் ஈர்க்கு மாதிரி, இரண்டாம் நம்பர் பென்சில் மாதிரி. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் எதிர், ஏற ஏறத் தடிக்கும். அவர்களுடைய எட்டு எங்களுக்கு ஆறு. எங்களுடைய எட்டு அவர்களுக்கு ஆறு.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் புத்தகம் அனுப்பத் தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு பேர் இதில் அகப்பட்டுக்கொண்டு வந்து சண்டை போட்டார்கள். அன்றைக்கே முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். யாராவது எட்டு கேட்டால் எட்டைக் கொடுக்காதே, முதலில் புத்தகத்தைக் கேள், திறந்து பார். அவர் அதிகம் பேசாத மனிதர். தமிழ்நாட்டிலிருந்து வந்து புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம். ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான்.

மனோன்மணி டீச்சர் முதன்முதலாக வந்த நாளில் புத்தகம் மேசைமேல்தான் இருந்தது. நான் திறக்கவில்லை.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையலும் பின்னலும் படிப்பித்தவர். கலியாணம் முடிந்து ஏழாம் மாதம் கணவர் கனடா போனவர். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போதுதான் இவரை அங்கே கூப்பிட எடுத்த அலுவல்கள் முடியும் தறுவாயில் இருந்தன. வெறும் கையோடு போய் இறங்க மனமில்லை, கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வருகிறேன் என்று இவர் எழுத, கொழும்பு நூல் இந்தக் குளிருக்குத் தாங்காது என்று அவர் பத்து உருண்டை பச்சை நூலும் ஒரு புத்தகமும் யாரோ வந்தவரிடம் கொடுத்து விட்டிருந்தார்.

இவ்வளவையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கண் அவருடைய கையில் இருந்தது. பழகுகிற ஊசியைக் கொடுத்து ஒரு வரிசை பின்னச் சொன்னேன். பின்னல் படிப்பித்தவரிடம் பின்னிக் காட்டச் சொல்கிற என் திமிரைப் பாருங்கள். அவர் மறுக்காமல் பின்னினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊசி கிடைக்காமல் சைக்கிள் கம்பியை அரத்தில் தேய்த்துப் பிள்ளைகளுக்குப் பின்னப் பழக்கினதாகவும், பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து அந்த நூலையே வருஷக்கணக்காகப் பாவித்ததாகவும் பின்னிக்கொண்டே சொன்னார். கண்ணிகள் நெருக்கமாக விழுந்தன. கம்பியில் பழகின கை, இறுக்கம்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

"உங்க கை கொஞ்சம் இறுக்கம் டீச்சர். உருக்குத்தான் சரி. என்ன நம்பர்?"

"எட்டு."

எட்டாம் நம்பர் உருக்கு ஊசி, பில்லோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

கழுவினால் சரியாகும்

அந்த முதுகுத் துண்டு மேசையில் விரிந்து கிடந்த நாளுக்கு வருகிறேன். நாலு விரல் அகலம் குறைவு. துணியும் விறைத்துப் போய் அட்டை மாதிரி நின்றது. மெல்லிய ஊசியில் தடித்த நூலைத் திணித்தால் அப்படித்தான் ஆகும்.

பக்கத்தில் வேறு இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் என்னிடம் ஊசி கேட்டு வந்தவர். முதலாளி காசு மேசையில் இருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கழுவிப் போட்டா இழுத்துக் குடுக்கும் டீச்சர். கம்பளிதானே."

மூன்றரை அங்குலம் எந்தக் கம்பளியும் இழுத்துக் கொடுக்காது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். லொட்ஜில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து, பேசினில் அலசி, துவாயில் சுற்றிப் பிழிந்து, கட்டிலில் விரித்துக் காய வைத்திருக்கிறார். அது காயும்வரை இரண்டு நாள் நிலத்தில் படுத்தாராம். பதினாறே முக்கால் வந்திருந்தது. கூடவே இன்னொரு செய்தியும் இருந்தது. விசா வந்துவிட்டது. ஐந்து கிழமையில் பயணம்.

அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. துண்டைத் தடவிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "என்ர கைதான் பிழைச்சுப் போச்சுப் போல, அண்ணை. இத்தனை பிள்ளையளுக்குப் படிப்பிச்ச கை. ஒரு மாதிரிக் கிடக்கு."

வாசல் திறந்து கிடந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"ஆமாங்க டீச்சர். கை இறுக்கந்தான். ரெண்டு நம்பர் பெருசாப் போவோம், ஆறு எடுங்க" என்றேன். சரியான ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழியை மட்டும் அவருடைய கையில் போட்டுவிட்டேன்.

அவர் தலையாட்டினார். பிறகு விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். மெடிக்கல், பொலிஸ் பத்திரம், ஊருக்குக் கடிதம், சாமான் கட்டுவது. நடுவில் முன்பக்கம், இரண்டு கை, கழுத்துப்பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே முதுகை மறுபடி தொடக்கத்திலிருந்து. ஐந்து கிழமையில் முடியாது. புத்தகத்தை மூடினார். வெறும் கையோடுதான் போகவேண்டி வரும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. முதலாளிக்குக் கேட்காதபடி குனிந்து, முதுகை நான் பின்னித் தருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குத் தெரியும் டீச்சர், யாருக்கும் சொல்லாதீங்க என்றேன். பிறகு அந்தப் பச்சைத் துண்டை மடித்து என் பக்கம் தள்ளினார். ஒரு சதுரம் பின்னிக்கொண்டு வந்து தரச் சொன்னேன், இரண்டு பேர் பின்னலும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

நாலு சோடி, ஒரு சதுரம்

ஒரு கிழமையில் சதுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஆறாம் நம்பர் உருக்கு ஊசியில் பின்னியது. நாடாவை வைத்து எண்ணினேன். நாலு அங்குலத்துக்குப் பதினெட்டுக் கண்ணி. இந்த முறை புத்தகத்தையும் கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். புத்தகத்திலும் நாலு அங்குலத்துக்குப் பதினெட்டுக் கண்ணிதான் போட்டிருந்தது. ஒரு முடி வித்தியாசமில்லை.

அதாவது அவருடைய கை இறுக்கமே இல்லை. புத்தகம் எழுதியவர் எதிர்பார்த்த கை. நம்பரில் மட்டுமல்ல, கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன அந்தப் பெரிய வித்தையிலும் நான் பிழை விட்டிருந்தேன். என் கூத்துக்கு முன்னால் கவனமாகப் பின்ன வேண்டும் என்று அவர் நெருக்கிப் பின்னியதை நான் சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் போகாமல் நின்றார். "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ, அண்ணை?"

இல்லை டீச்சர் என்றேன். சரி என்று போய்விட்டார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் பழைய துண்டைப் பிரித்தோம். என் மனைவி லெட்சுமி நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றினாள். பிரித்த நூல் நூடில்ஸ் மாதிரி சுருண்டு கிடக்கும். நனைத்து, கீழே ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். மழைக்காலம், காய மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் சமையலறையில் பச்சை நூலுக்குக் குனிந்துதான் போய்வந்தோம்.

பிறகு ஊசி தேடும் படலம். அவர் கையும் என் கையும் ஒன்றல்ல, நான் தளரப் பின்னுகிறவன். அவருடைய அதே ஆறாம் நம்பர் உருக்கில் பின்னினேன். பதினாறு கண்ணி வந்தது. மீன் வலை. அலுமினியத்தில் ஆறு, பதினாறரை. விரல் கறுத்ததுதான் மிச்சம். ஒரு நம்பர் மெலிய இறங்கி ஏழாம் நம்பர் பிளாஸ்டிக், பதினேழு. ஆனால் ஊசி வளைந்ததில் ஓரம் கோணியது. கடைசியாக மூங்கிலில் ஏழு எடுத்தேன். முனையைத் தேய்த்து மெழுகு பூசினேன். பதினெட்டு. அவருடைய சதுரத்துக்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்து லெட்சுமியிடம் எது எவருடையது என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை.

அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மனைவியிடம் சொல்ல வந்தது, அந்த அம்மாவிடம் சொல்ல வரவில்லை.

"ஏங்க, அந்த டீச்சரம்மாகிட்ட சொன்னீங்களா இல்லியா?" என்று தினமும் கேட்பாள்.

முதுகைப் பின்னித்தானே கொடுக்கிறேன், அது போதாதா என்பேன். அதுவும் இதுவும் ஒண்ணா என்பாள். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டு கண்ணி எண்ணுவேன்.

பாதி முதுகோடு ஒரு தரம் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் தன் முன்பக்கத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். வரிசைக்கு வரிசை ஒத்துப்போனது. ஒன்பது வருஷத்துக்கு முன் கடைசியாகப் பார்த்த முகமும் நாற்பது அங்குல நெஞ்சும் சேர்ந்து மனதில் வரமாட்டேன் என்கிறது, விமான நிலையத்தில் ஆளைக் கண்டுபிடிப்பேனா தெரியாது என்றார். ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், அது யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவர்தான் என்று சொல்லிச் சிரித்தார். போகும்போது மறுபடியும் கேட்டார். "வேற ஏதும் சொல்லக் கிடக்கோ?"

படிப்பித்தவர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை டீச்சர் என்றேன்.

பயணத்துக்கு முதல் நாள்

பயணத்துக்கு முதல் நாள் முழு ஸ்வெட்டரையும் கொண்டுவந்து காட்டினார். தோளும் விலாவும் தைத்து, கழுத்துப்பட்டி போட்டு, ஈரத்துணி வைத்து அயன் பண்ணியிருந்தார். நாடாவை வைத்தேன். குறுக்கே இருபது. தையலை விரலால் தடவிப் பார்த்தேன். இந்தப் பக்கம் என் பின்னல், அந்தப் பக்கம் அவர் பின்னல் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. எவ்வளவோ ஊசி விற்றிருக்கிறேன், அவ்வளவு சரியாக ஒரு சோடி நான் தெரிந்தெடுத்ததில்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது. முதலாளி எழுந்து போனார். டீச்சர் கைப்பையைத் திறந்து, பழைய எட்டாம் நம்பர் உருக்கு ஊசிகள் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். பில் இன்னும் அதில் சுற்றியபடி இருந்தது.

"புத்தகத்தின்ர பின்னட்டையில அட்டவணை போட்டிருக்குது, அண்ணை. அவையின்ர எட்டு எங்கட ஆறு. நீங்கள் ஆறு தந்துவிட்ட அண்டைக்கே பார்த்தனான்."

நான் ஊசியில் சுற்றியிருந்த பில்லைப் பார்த்தேன்.

"எட்டு எண்டு கேட்டது நான். அட்டையைத் திருப்பிப் பாராமல் விட்டது என்ர பிழை. அதுக்கில்லை. என்ர கை இறுக்கமில்லை எண்டு ஒருக்கா உங்கட வாயால கேக்கவேணும் போல இருந்தது. அதுதான் வரேக்குள்ள எல்லாம் கேட்டுப் பார்த்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கொப்பியைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிற குரல். நான் அந்த ஊசிகளைக் கையில் எடுத்தேன். எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, புதிதாக வாங்குகிறவருக்குக் கட்டுவதுபோல் சுற்றத் தொடங்கினேன். கைக்கு அந்த ஒரு வேலைதான் தெரிந்திருந்தது.

முதலாளி வந்துவிட்டார். மேசையில் ஊசியைப் பார்த்தார். "என்ன டீச்சர், ஊசி ஏதும் பிழையா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருந்திருக்கும். நான் நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"ஊசியில ஒரு பிழையும் இல்லை" என்றார் டீச்சர்.

கவனமாகப் போய்ட்டு வாங்க டீச்சர் என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வாசலில் நின்று இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

எந்த ஊர் எட்டு?

இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடை விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. படம் முழுக்கப் பனி. பின்னால் சின்ன எழுத்தில் நாலு வரி. வந்து சேர்ந்தேன். அவரைக் கண்டவுடன் தெரிந்தது, ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. ஆனால் அளவு சரி. முதுகு நல்ல சூடாம்.

நானும் பதில் போட்டேன். முதலாளி சுகம், கடை நடக்கிறது, இங்கே ஒரே மழை. ஒரு தாள் முழுக்க எழுதி, எழுத வேண்டியதை மட்டும் எழுதாமல் ஒட்டி அனுப்பினேன். அதைப் பார்த்த லெட்சுமி இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவள் கோபம் நியாயம்.

அதற்குப் பிறகு ஊசி கேட்டு வந்த எவருடைய கையையும் நான் பார்க்கவில்லை. பழகுகிற ஊசியை மேசைக்குக் கீழிருந்து எடுத்து எறிந்துவிட்டேன். எட்டு என்று கேட்டால், எந்த ஊர் எட்டு, புத்தகத்தைக் கொடுங்கள் என்று முதலில் கேட்பேன். ராஜு அண்ணைக்கு வயது போய்விட்டது, முந்தி மாதிரி இல்லை என்று லொட்ஜ்களில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த எட்டாம் நம்பர் சோடியை நான் விற்கவில்லை. சுற்றின தாளோடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இந்தப் பத்திரிகை இப்போது ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளில் கிடைக்கிறதாம், மரக்கறி வாங்க வருகிறவர்கள் அப்படியே எடுத்துப் போகிறார்களாம். அதை நம்பித்தான் இந்த வாரத்தை எழுதுகிறேன்.

டீச்சர், உங்கள் கை இறுக்கமில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. புத்தகத்தைத் திறக்காமல் ஊசியைக் கொடுத்தவன் நான். அது தெரிந்தும் உங்கள் கையைக் குறை சொன்னவனும் நான்தான்.